பேஸ்பால் அணியின் மைனர் லீக் இளம் வீரர்களை எடைபோடுவது எப்படி: பால்டிமோர் ஓரியோல்ஸை வைத்து ஒரு வழிகாட்டி

பேஸ்பால் விதிகள் தெரியும், மேஜர் லீக் ஆட்டங்களும் பார்க்கிறீர்கள். ஆனால் உங்கள் அணியின் 'டாப் 30 இளம் வீரர்கள்' பட்டியலைத் திறந்தால் யார் தேறுவார், எப்போது மேலே வருவார் என்று ஒன்றும் பிடிபடவில்லை. இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்கு. பட்டியல் போடுகிறவர்களை நம்பியே இருக்காமல் நீங்களே கணிப்பதற்கான வழிமுறை இது.

உதாரணத்துக்குப் பால்டிமோர் ஓரியோல்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2019க்குப் பின் நேராக மேலே வந்தவர், வந்து தடுமாறியவர், தாமதமாக மலர்ந்தவர், இன்னொரு அணிக்குப் போய் ஜொலித்தவர் என எல்லா வகையினரையும் அங்கே பார்க்கலாம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும், அது எந்த வயதில், எந்த லீகில், எந்த மைதானத்தில், எத்தனை வாய்ப்புகளில் வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் மதிப்பிட வேண்டும்.

1. ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

2021 முதல் ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் முழுப்பருவம் ஆடும் கிளை அணிகள் நான்கு. மேலிருந்து கீழாக: ட்ரிபிள்-ஏ (150 ஆட்டங்கள்), டபுள்-ஏ (138), ஹை-ஏ (132), சிங்கிள்-ஏ (132). அதற்கும் கீழே ஃப்ளோரிடாவிலோ அரிசோனாவிலோ நடக்கும் காம்ப்ளக்ஸ் லீக். எல்லாவற்றுக்கும் அடியில் டொமினிகன் சம்மர் லீக்.

ஓரியோல்ஸுக்கு ட்ரிபிள்-ஏ அணி நார்ஃபோக் டைட்ஸ். டபுள்-ஏ அணி மேரிலாந்தின் போவி நகரில் ஆடும் செசபீக் பேசாக்ஸ். 2024 வரை அதன் பெயர் போவி பேசாக்ஸ். ஹை-ஏ அணி 2025 வரை அபர்டீனில் இருந்தது. சிங்கிள்-ஏ அணி சாலிஸ்பரியின் டெல்மார்வா ஷோர்பேர்ட்ஸ். காம்ப்ளக்ஸ் அணி ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில். கிளை அணிகளின் பெயரும் ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாகச் சரிபாருங்கள். பழைய பட்டியலை வைத்து ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்.

இந்த ஏணியில் இரண்டு இடங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது ஹை-ஏவிலிருந்து டபுள்-ஏ. அங்கே பிட்சர்கள் வேகப்பந்தை எதிர்பார்க்கும் நேரத்தில் ஸ்லைடரையோ சேஞ்சப்பையோ ஸ்ட்ரைக்காகப் போட ஆரம்பிப்பார்கள். இரண்டாவது ட்ரிபிள்-ஏவிலிருந்து மேஜர் லீக். இந்த இடைவெளி பலர் நினைப்பதைவிடப் பெரியது.

யாரை 'இளம் வீரர்' என்று கணக்கில் சேர்ப்பது? மேஜர் லீகில் 130 அட்-பேட்களையோ 50 இன்னிங்ஸையோ தாண்டியவர் பெரும்பாலான பட்டியல்களிலிருந்து நீங்கிவிடுவார். ரூக்கி தகுதிக்கு 45 நாள் வரம்பும் உண்டு, ஆனால் எல்லாப் பட்டியல்களும் அதைப் பார்ப்பதில்லை. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது ஒருவர் ஒன்றில் மட்டும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

2. என்னென்ன தாள்கள் வேண்டும், எவ்வளவு செலவு

வேண்டியதில் பெரும்பகுதி இலவசம்.

- பேஸ்பால் ரெஃபரன்ஸ்: ஒவ்வொரு பருவத்தின் வயது, படி, எண்கள். ஜூலை 1 அன்று இருக்கும் வயதே அந்தப் பருவத்தின் வயது.
- ஃபேன்கிராஃப்ஸ்: மைனர் லீக் ஸ்ட்ரைக்அவுட் சதவீதம், வாக் சதவீதம், டபிள்யூஆர்சி+ (லீகையும் மைதானத்தையும் சரிகட்டிய பேட்டிங் எண்) எல்லாம் இங்கே. இளம் வீரர்களுக்கான மதிப்பெண் பலகையும் உண்டு.
- பேஸ்பால் சாவன்ட்: பந்து மட்டையில் பட்டுக் கிளம்பும் வேகம், பிட்சின் வேகம், பந்தின் அசைவு.
- எம்எல்பி பைப்லைன்: அணிக்கு 30 பேர் பட்டியல், திறன்வாரி மதிப்பெண்களோடு.
- அணியின் 40 பேர் பட்டியல் (மேஜர் லீக் ஒப்பந்தத்தில் உள்ளவர்கள்), இடமாற்ற அறிவிப்புப் பக்கம்: யாருக்குக் காயம், யார் மேலே போனார், யாரை விடுவித்தார்கள் என்பதற்கு.

சாவன்டில் புதியவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். எல்லா மைனர் லீக் மைதானங்களின் அளவீடும் பொதுமக்களுக்குக் கிடைக்காது. ட்ரிபிள்-ஏ ஆட்டங்கள் 2023 முதலும், சிங்கிள்-ஏவில் ஃப்ளோரிடா ஸ்டேட் லீக் மட்டும் 2021 முதலும் உண்டு. டெல்மார்வா ஆடுவது கரோலைனா லீகில். ஆகவே ஓரியோல்ஸ் வீரர் நார்ஃபோக்குக்குப் போகும்வரை அவர் அடிக்கும் பந்து கிளம்பும் வேகத்தை நீங்கள் முறையாகப் பார்க்க வழியில்லை. இணையத்தில் யாராவது டபுள்-ஏ வீரரின் துல்லியமான அளவைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

காசு கொடுப்பதாக இருந்தால் இரண்டுக்கு மட்டும் கொடுங்கள்: மைனர் லீக் ஒளிபரப்புச் சந்தா ஒன்று, நேரில் ஆள் அனுப்பி எழுதும் சந்தா இதழ் ஒன்று. பேஸ்பால் அமெரிக்கா அப்படிப்பட்ட இதழ். நான்கைந்து இதழ் வாங்கினாலும் கிடைக்கிற புதுத் தகவல் சொற்பம், ஏனென்றால் எல்லோரும் ஏறக்குறைய அதே ஸ்கௌட்களிடம்தான் (வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுகிறவர்கள்) பேசுகிறார்கள். பொத்தான் வைத்த சாதாரண ஸ்டாப்வாட்ச் ஒன்று வாங்குங்கள். தொடுதிரையில் விரல் பட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியாது, அளவு பிசகும். ரேடார் கன் இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக, நீங்களே வைத்துக்கொள்ள ஒரு விரிதாள். ஆளுக்கு ஒரு வரிசை. பத்திகள் இவை: பிறந்த தேதி, ஒப்பந்தமான ஆண்டு, அப்போது வயது, போனஸ் தொகை, இப்போதைய படி, ஆடும் இடம், ஸ்ட்ரைக்அவுட் சதவீதம், வாக் சதவீதம், ரூல் 5 தகுதி ஆண்டு, மீதமுள்ள ஆப்ஷன் (இவ்விரண்டும் 8ஆம் பகுதியில்), உங்கள் மதிப்பெண், மதிப்பெண் போட்ட தேதி. போனஸ் தொகையை விட்டுவிடாதீர்கள். கன்னர் ஹெண்டர்சன் 2019 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 42ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், ஆனால் அந்த இடத்துக்கு நிர்ணயித்த தொகையைத் தாண்டி மொத்தம் 23 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அணி அவரை எப்படிப் பார்த்தது என்பதற்கு டிராஃப்ட் எண்ணைவிட அந்தத் தொகைதான் சரியான சாட்சி.

3. வயதையும் படியையும் சேர்த்தே படியுங்கள்

தோராயமான சராசரி வயது: சிங்கிள்-ஏ 21, ஹை-ஏ 22-23, டபுள்-ஏ 24, ட்ரிபிள்-ஏ 26-27. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கல்லூரியில் நான்கு ஆண்டு ஆடிவிட்டு வந்த 23 வயதுக்காரர் சிங்கிள்-ஏவில் 0.320 அடித்தால், அவர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார், அவ்வளவுதான். 20 வயதுக்காரர் டபுள்-ஏவில் 0.255 அடித்து, ஸ்ட்ரைக்அவுட்டையும் கட்டுக்குள் வைத்திருந்தால் அவரைக் கவனிக்க வேண்டும்.

சாமுவேல் பசாயோ இதற்கு நல்ல உதாரணம். 2004 ஆகஸ்டில் பிறந்தவர், டொமினிகன் குடியரசைச் சேர்ந்த கேட்சர். 2021 ஜனவரியில் 13 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானவர். 2024 பருவத்தின் பெரும்பகுதியை போவியில் ஆடி, கடைசியில் நார்ஃபோக்குக்குப் போனார். பருவ வயது 19. கேட்சர் வேலையையும் கற்றுக்கொண்டு, தன்னைவிட நான்கைந்து வயது மூத்த பிட்சர்களைச் சமாளித்தார் என்பதே அந்த ஆண்டின் முக்கியத் தகவல். சராசரி எண் அதற்குப் பிறகுதான்.

விதிவிலக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020இல் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை, அந்த ஆண்டை இழந்தவர்கள் படிக்கு வயது மிஞ்சியவர்களாகத் தெரிவார்கள். நோயோ காயமோ வந்தவர்களும் அப்படியே. 2020 டிராஃப்டின் இரண்டாவது தேர்வான ஹெஸ்டன் கெர்ஸ்டாட் இதய அழற்சியால் 2022 ஜூனில்தான் முதல் மைனர் லீக் ஆட்டம் ஆட முடிந்தது. அவருடைய வயதை மற்றவர்களோடு நேராக ஒப்பிடுவது நியாயமில்லை.

ஒரே படியை இரண்டாம் முறை ஆடுகிறவரின் முன்னேற்றத்தை மட்டும் பாதி மதிப்புக்கு எடுங்கள்.

4. பேட்டரின் எண்களைப் படிக்கும் வரிசை

முதலில் எத்தனை பேட்டிங் வாய்ப்புகள் என்று பாருங்கள். ஸ்ட்ரைக்அவுட் சதவீதம் 60 வாய்ப்புகளை ஒட்டியே ஓரளவு தெளிவாகிவிடும். வாக் சதவீதத்துக்கு 120 வேண்டும். களத்தில் விழுந்த பந்துகள் எத்தனை ஹிட் ஆயின என்கிற விகிதம் நிலைப்பட 800 பந்துகளுக்கு மேல் ஆகும். மைனர் லீகில் ஒரே படியில் யாரும் அவ்வளவு ஆடுவதில்லை. பேட்டிங் சராசரியைக் கடைசியில் பார்க்கச் சொல்வது இதனால்தான். மே மாதத்து 0.380ஐ வைத்து யாரையும் தூக்கி வைக்காதீர்கள்.

அடுத்து ஸ்ட்ரைக்அவுட். மேஜர் லீக் சராசரி 22 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சிங்கிள்-ஏவிலேயே 30ஐத் தாண்டுகிறவருக்கு அது மேலே போகப்போகக் கூடுமே தவிரக் குறைவது அரிது. வாக் எண்ணிக்கையை அதன் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். வாக் அதிகம் என்றால் பந்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்று ஒரு பொருள். கீழ்ப்படிகளில் பிட்சர்களுக்கு ஸ்ட்ரைக் போடத் தெரியவில்லை என்று இன்னொரு பொருளும் உண்டு. எதுவென்று தெரிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்: முதல் ஸ்ட்ரைக்கையே அடிக்காமல் விடுகிறாரா, வெளியே போகும் பந்தை மட்டும் விடுகிறாரா?

மூன்றாவது வலு. ஹோம் ரன் எண்ணிக்கை மைதானத்தைப் பொறுத்து ஆடும். நார்ஃபோக் அளவீடு கிடைத்தால் அவர் வலுவாக அடித்த முதல் பத்து சதவீதப் பந்துகளின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 105 மைலுக்கு மேல் என்றால் மேஜர் லீகுக்குப் போதுமான வலு இருக்கிறது. ஒரே ஒரு 112 மைல் அடியைச் செய்தியாகப் போட்டால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வலு இருந்தும் பந்து தரையிலேயே உருண்டால் ஹோம் ரன் வராது, எனவே தரைப்பந்து சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி ஒரு ஆளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜாக்சன் ஹாலிடே, 2022 டிராஃப்டின் முதல் தேர்வு. 2023இல் 19 வயதில் டெல்மார்வா, அபர்டீன், போவி, நார்ஃபோக் என நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறினார். 125 ஆட்டங்கள், சராசரி 0.323, ஓபிஎஸ் (ஆன்-பேஸ் விகிதத்தையும் ஸ்லக்கிங் விகிதத்தையும் கூட்டியது) 0.941, 118 ஸ்ட்ரைக்அவுட், 101 வாக். ஏறக்குறைய 580 பேட்டிங் வாய்ப்புகளால் வகுத்தால் ஸ்ட்ரைக்அவுட் 20 சதவீதம், வாக் 17 சதவீதம். அந்த வயதுக்கு அபாரம். ஆனால் மொத்த எண்ணோடு நிறுத்தாமல் படிவாரியாகப் பிரியுங்கள்: நார்ஃபோக்கின் 18 ஆட்டங்களில் மட்டும் ஓபிஎஸ் 0.796. 18 ஆட்டம் எதையும் நிரூபிக்காது. இருந்தாலும் மேல்படியில் அவர் இன்னும் அதிகம் ஆடவில்லை என்பதை அது காட்டியது. 2024 ஏப்ரல் 10 அன்று மேஜர் லீகில் இறங்கிய அவர், முதல் 34 அட்-பேட்களில் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து அதே மாதம் நார்ஃபோக்குக்குத் திரும்பினார். ஜூலை கடைசியில் மறுபடி மேலே வந்தார். திறமையைப் பற்றிய கணிப்பு தவறவில்லை. காலத்தைப் பற்றிய கணிப்புதான் தவறியது. விரிதாளில் 'எவ்வளவு நல்லவர்', 'எப்போது தயார்' இரண்டையும் தனித்தனிப் பத்திகளாக வையுங்கள்.

இனி மைதானமும் லீகும். சேப்பாக்கத்தில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் எடுத்த ஐந்து விக்கெட்டைப் பெர்த்தில் எடுத்ததற்குச் சமமாக நீங்கள் எண்ணமாட்டீர்கள் அல்லவா, இங்கேயும் அதே கவனம் வேண்டும். பசிஃபிக் கோஸ்ட் லீகின் ஆல்புகெர்க்கி, ரீனோ போன்ற உயரமான ஊர்களில் காற்று மெலிந்திருப்பதால் பந்து பறக்கும், வளைவும் குறையும். டபுள்-ஏவில் அமரிலோ, ஹை-ஏவில் வலப்புற வேலி 297 அடியிலேயே இருக்கும் ஆஷ்வில் இரண்டும் பேட்டர்களுக்குச் சொர்க்கம். எதிரணிகளின் வீரர்களோடு உங்கள் ஆளை ஒப்பிடும்போது லீகையும் மைதானத்தையும் சரிகட்டிய டபிள்யூஆர்சி+ எண்ணையே எடுங்கள். 100 என்றால் அந்த லீகின் சராசரி.

விதிச் சோதனைகளையும் மறக்கக் கூடாது. புதிய விதிகளை மைனர் லீகில்தான் முதலில் சோதிப்பார்கள். 2023இல் ட்ரிபிள்-ஏ முழுவதும் தானியங்கி ஸ்ட்ரைக் முறை வந்தபோது வாக் விகிதம் வழக்கத்தைவிட உயர்ந்தது. அதே ஆண்டின் முதல் பாதியில் டபுள்-ஏவின் சதர்ன் லீகில் பிசுபிசுப்பு ஏற்றிய பந்தைப் பயன்படுத்தினார்கள், ஸ்ட்ரைக்அவுட் எகிறியது. அந்த லீகின் பிட்சர்களுடைய 2023 எண்களை அப்படியே எடுத்தால் தவறான ஆளைப் பிடிப்பீர்கள்.

5. பிட்சர்களை எடைபோடுவது

இஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் சேரும் சராசரி ரன்) ஒதுக்கி வையுங்கள். மைனர் லீகில் ஃபீல்டிங்கும் மைதானமும் அதைக் கலைத்துவிடும். ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழியுங்கள். 15க்கு மேல் வந்தால் நல்லது, 20க்கு மேல் வந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஆள்.

பிறகு மூன்று கேள்விகள். வேகப்பந்தின் வேகம் எவ்வளவு, ஐந்தாவது இன்னிங்ஸிலும் அது நிற்கிறதா? மேஜர் லீக் சராசரி 94 மைலை ஒட்டி இருப்பதால் 91-92 போடுகிறவருக்கு வேறு ஏதாவது தனித்தன்மை வேண்டும். எதிர்க்கைப் பேட்டரை, அதாவது வலக்கைப் பிட்சர் இடக்கைப் பேட்டரை, எதை வைத்து வீழ்த்துகிறார்? சேஞ்சப்போ கட்டரோ இல்லாமல் ஸ்லைடரை மட்டும் நம்புகிறவர் பெரும்பாலும் ரிலீவராகத்தான் முடிவார். மூன்றாவது, ஒரே பேட்டிங் வரிசையை இரண்டாம், மூன்றாம் முறை சந்திக்கும்போது என்ன ஆகிறது? சில அணிகள் கீழ்ப்படிகளில் இரண்டு ஸ்டார்ட்டர்களை ஒரே ஆட்டத்தில் பங்குபோட வைக்கும். நான்கு இன்னிங்ஸோடு நிறுத்தப்பட்டவர் மூன்றாம் சுற்றைச் சந்தித்ததே இருக்காது. அவருடைய அழகான எண்களில் அந்த ஓட்டை இருக்கிறது.

ஆட்டங்கள் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே அணியோடு ஆறு நாள் தொடராக நடக்கும், திங்கள் ஓய்வு. இதனால் மைனர் லீக் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுகிறார். மேஜர் லீகில் ஓய்வு குறைவு. ஆறு நாள் ஓய்வில் எடுத்த 96 மைலை நான்கு நாள் ஓய்விலும் எடுப்பார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காயம் பிட்சர்களோடு கூடப் பிறந்தது. டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை என்றால் 12 முதல் 18 மாதம் போய்விடும். ஆகவே சம மதிப்புள்ள பேட்டரும் பிட்சரும் இருந்தால் பேட்டரை மேலே வையுங்கள். ஓரியோல்ஸும் அந்த வழியில்தான் போனது: 2019இல் ஆட்லி ரட்ச்மன், 2020இல் கெர்ஸ்டாட், 2021இல் கோல்டன் கௌசர், 2022இல் ஹாலிடே என முதல் தேர்வுகள் எல்லாமே பேட்டர்கள். அதன் விலை, கீழிருந்து வரும் ஸ்டார்ட்டர்கள் குறைவு. ஸ்டார்ட்டர் வேண்டியபோது அவர்கள் வெளியே தேட நேர்ந்தது.

ரிலீவர்களுக்கு மட்டும் வயதுக் கணக்கைத் தளர்த்துங்கள். ஃபெலிக்ஸ் பௌட்டிஸ்டாவை இன்னொரு அணி 2015இல் விடுவித்தது. ஓரியோல்ஸ் எடுத்துப் பல ஆண்டு கீழ்ப்படிகளில் வைத்திருந்தது. 2022இல் 26 வயதில் மேஜர் லீகுக்கு வந்தார், 2023இல் அமெரிக்கன் லீகின் சிறந்த ரிலீவர் விருது பெற்றார். வேகம் மிகுந்த பெரிய உடல்வாகுள்ள பிட்சருக்கு ஸ்ட்ரைக் போட வருவதற்கு நாளாகும். வேகம் குறையாதவரை அவரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள்.

6. நேரில் போனால் என்ன அளக்க வேண்டும்

கீழ்ப்படி ஆட்டங்களுக்கு டிக்கெட் பெரும்பாலும் 10 முதல் 20 டாலருக்குள் கிடைத்துவிடும். பிட்சரைப் பார்க்க ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் உட்காருங்கள். வலக்கைப் பேட்டரின் கையும் இடுப்பும் முன்பக்கமாகத் தெரிய முதல் பேஸ் பக்கம், இடக்கைப் பேட்டருக்கு மூன்றாம் பேஸ் பக்கம்.

ஹோமிலிருந்து முதல் பேஸ்: பந்து மட்டையில் பட்ட சத்தத்தில் அழுத்துங்கள், கால் பேஸில் பட்டதும் நிறுத்துங்கள். வலக்கைப் பேட்டர் 4.3 விநாடி, இடக்கைப் பேட்டர் 4.2 விநாடி என்றால் சராசரி. ஒவ்வொரு 0.1 விநாடி குறைவுக்கும் ஒரு தரம் உயரும். பன்ட், அடிக்கும் முன்பே ஓடத் தொடங்கிய அடி, சும்மா ஓடிய ஓட்டம் மூன்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள். முழுமூச்சாக ஓடிய மூன்று ஓட்டங்களாவது வேண்டும்.

கேட்சரின் பாப் டைம்: பந்து கேட்சரின் கிளவில் விழும் சத்தத்திலிருந்து இரண்டாம் பேஸில் கிளவைத் தொடும்வரை. 2.0 சராசரி, 1.9 நல்லது. பேஸ் திருட்டு நடந்தால் பிட்சரையும் அளந்து பாருங்கள். அவர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து பிளேட்டுக்கு வர 1.3 விநாடிக்குள் இருக்க வேண்டும், 1.5 எடுத்தால் திருட்டுக்குக் கேட்சரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்கோர்போர்டில் காட்டும் வேகத்தை உறுதி செய்யாமல் எழுதிக்கொள்ளாதீர்கள். சில மைதானங்களில் அது ஓரிரு மைல் கூட்டிக் காட்டும். முடிந்தவரை பேட்டரை ஒரே தொடரில் மூன்று நாளாவது பாருங்கள். ஒரே நாளில் நான்கு வாய்ப்பை வைத்து எழுதும் குறிப்பு பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும்.

7. மதிப்பெண் போடுவது

ஸ்கௌட்களின் அளவுகோல் 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், வலு, ஓட்டம், எறிதல், ஃபீல்டிங் என ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண் போடுங்கள்: இன்றைக்கு எவ்வளவு, எதிர்காலத்தில் எவ்வளவு. 50 என்பது சிங்கிள்-ஏ சராசரி என்று நினைத்துத் தாராளமாக 60, 70 என்று அள்ளி வீசுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

பிறகு எல்லாவற்றையும் கூட்டி ஒரே எதிர்கால மதிப்பு. 60 என்றால் ஆல்-ஸ்டார் நிலை. 50 என்றால் தினமும் ஆடும் சராசரி வீரர், ஆண்டுக்கு 2 டபிள்யூஏஆர் (சாதாரண மாற்று வீரரைவிட அவர் கூடுதலாகத் தேடித்தரும் வெற்றிகள்). 45 என்றால் பாதி நாள் ஆடுகிறவர் அல்லது ஐந்தாவது ஸ்டார்ட்டர். 40 என்றால் பெஞ்ச். பக்கத்தில் ஆபத்தையும் எழுதுங்கள்: குறைவு, நடுத்தரம், அதிகம். 18 வயதுக்காரரின் 50ம் நார்ஃபோக்கில் ஆடும் 24 வயதுக்காரரின் 50ம் வேறுவேறு.

ஆடும் இடத்தைச் சேர்க்காமல் இந்த எண்ணைப் போடாதீர்கள். கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டர் சராசரியாக அடித்தாலே போதும். முதல் பேஸ் மட்டும் ஆடத் தெரிந்தவர் பெரிய பேட்டராக இருந்தாக வேண்டும். இன்று ஷார்ட்ஸ்டாப் ஆடும் 17 வயதுப் பையன் 21 வயதில் உடல் பெருத்து மூன்றாம் பேஸுக்குப் போவது சகஜம். அவருக்குத் தொடக்கத்திலேயே இரண்டு இடங்களுக்கும் தனித்தனி மதிப்புப் போட்டு வையுங்கள்.

8. விதிகள் போடும் கெடு

ஆள் தயாரா என்பதோடு, அணிக்கு எப்போது முடிவெடுக்கும் கட்டாயம் வருகிறது என்பதும் தெரிய வேண்டும். 18 வயதிலோ அதற்குமுன்போ ஒப்பந்தமானவரை ஐந்தாவது ரூல் 5 டிராஃப்டுக்குள், 19 வயதிலோ அதற்குப் பின்னோ ஒப்பந்தமானவரை நான்காவதுக்குள், 40 பேர் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2022இல் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவருக்கும் 2023இல் கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டவருக்கும் கெடு 2026 நவம்பர். சேர்க்காவிட்டால் டிசம்பரில் இன்னொரு அணி 1,00,000 டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அவரைப் பருவம் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாமல் வேறு அணிகளும் வேண்டாம் என்றால், பழைய அணி 50,000 டாலர் கொடுத்துத் திரும்பப் பெறலாம். க்ளீவ்லண்ட் 2016இல் காக்காமல் விட்ட அந்தோனி சான்டாண்டரை ஓரியோல்ஸ் இப்படித்தான் எடுத்தது. 2024இல் அவர் 44 ஹோம் ரன் அடித்தார்.

40 பேர் பட்டியலில் சேர்ந்ததும் ஆப்ஷன் கணக்கு ஓட ஆரம்பிக்கும். மூன்று பருவங்கள்தான் அவரைத் தடையில்லாமல் கீழே அனுப்ப முடியும். மூன்றும் தீர்ந்த 26 வயதுக்காரருக்கு உங்கள் அணியில் இடமில்லையென்றால் அவர் வேறு அணிக்குப் போய்விடுவார். விரிதாளில் அந்த எண் 0 ஆனவர்களைச் சிவப்பில் காட்டுங்கள்.

மேலே அழைக்கும் தேதிக்கும் மதிப்புண்டு. ஹெண்டர்சன் 2022 ஆகஸ்ட் 31 அன்று வந்தார், 45 நாளைத் தொடாததால் 2023இலும் ரூக்கியாகவே இருந்தார். அந்த ஆண்டின் சிறந்த ரூக்கி விருதை வென்றபோது அணிக்கு 2024 டிராஃப்டில் 32ஆவது தேர்வு கூடுதலாகக் கிடைத்தது. ஆகஸ்ட் நடுவில் யாரும் மேலே வராமலிருந்தால் நாள்காட்டியையும் எண்ணிப் பாருங்கள்.

9. முழு அணியாகக் கூட்டும்போது

தலையை எண்ணாதீர்கள். 45 மதிப்புள்ள ஐந்து பேரைவிட 60 மதிப்புள்ள ஒருவர் மேல், ஏனென்றால் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். ஒவ்வொரு மதிப்பிலும் எத்தனை பேர், அவர்களில் பேட்டர் எத்தனை, ஸ்டார்ட்டர் எத்தனை என்று எழுதினாலே அணியின் ஓட்டை தெரிந்துவிடும்.

இடமில்லாத வீரரைப் பயனற்றவராகக் கருதாதீர்கள், அவர் அணியின் கைக்காசு. 2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்ட்டிஸ், டிஎல் ஹால், ஒரு டிராஃப்ட் தேர்வு ஆகியவற்றைக் கொடுத்து ஓரியோல்ஸ் கார்பின் பர்ன்ஸை வாங்கியது. அதே ஜூலையில் கைல் ஸ்டவர்ஸையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து ட்ரெவர் ரோஜர்ஸை வாங்கியது. பால்டிமோரில் நிலையான இடம் கிடைக்காத ஸ்டவர்ஸ் 2025இல் ஆல்-ஸ்டார் ஆனார். ரோஜர்ஸும் அதே 2025இல் 1.81 இஆர்ஏவோடு பிரமாதமாக வீசினார். உங்கள் மதிப்பெண் அவரவர் திறனுக்கானது. அணியில் இடம் இருக்கிறதா என்பதற்கு வேறு பத்தி.

சொந்த மைதானமும் கணக்கில் வரும். கேம்டன் யார்ட்ஸின் இடப்புறச் சுவரை 2022இல் பின்னுக்குத் தள்ளி உயர்த்தினார்கள், 2025இல் ஓரளவு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இடையிலிருந்த மூன்று பருவங்களில் இடப்பக்கம் இழுத்தடிக்கும் வலக்கைப் பேட்டருக்கு அங்கே ஹோம் ரன் கிடைப்பது கடினமாக இருந்தது.

அணியின் தரவரிசை சரிந்தால் பதறாதீர்கள். ரட்ச்மன், ஹெண்டர்சன், ஹாலிடே மேலே போனதால் பட்டியல் மெலிந்தது, ஆட்கள் தேறியதால் வந்த சரிவு அது.

10. எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும்

ஜனவரி 15: சர்வதேச ஒப்பந்தக் காலம் தொடங்கும். பெயரையும் தொகையையும் மட்டும் குறியுங்கள், 16-17 வயதுப் பையன்களுக்கு மதிப்பெண் போட அவசரம் வேண்டாம். பிப்ரவரி-மார்ச்: பட்டியல்கள் வெளியாகும். அவற்றைப் படிக்கும் முன் உங்கள் பட்டியலை எழுதி முடித்துவிடுங்கள். ஏப்ரல்: குளிர் மாதம், எண்களை நம்பாதீர்கள். ஜூன் நடுப்பகுதி: முதல் மறுமதிப்பீடு. ஜூலை: டிராஃப்ட், 20 சுற்று; மாதக் கடைசியை ஒட்டி வீரர் பரிமாற்றக் கெடு. ஆகஸ்ட்: இரண்டாவது மறுமதிப்பீடு, டிராஃப்ட் ஆட்களைச் சேர்த்து.

அக்டோபரில் அரிசோனா ஃபால் லீக். களைத்த பிட்சர்கள், வறண்ட காற்று, பேட்டர்களுக்குச் சாதகம். 2022இல் கெர்ஸ்டாட் அங்கே எம்விபி. 2025இல் மேஜர் லீகில் அவருடைய சராசரி 0.192. அங்கே பிட்ச்களின் வேகத்தையும் பேட்டர்களின் பந்துத் தேர்வையும் பாருங்கள், சராசரியை விட்டுவிடுங்கள்.

நவம்பரில் 40 பேர் பட்டியல் கெடு. அணி யாரைக் காத்தது, யாரை விட்டது என்று உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஆண்டு முழுக்க அணி உள்ளே வைத்திருந்த கருத்து வெளியே தெரிவது இந்த நாளில்தான். மதிப்பெண்ணை மாற்றும்போது பழையதை அழிக்காமல் பக்கத்தில் புதுப் பத்தி சேர்த்துத் தேதியிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து எந்தத் திறனில் நீங்கள் தொடர்ந்து கூட்டிப் போடுகிறீர்கள் என்பதை அந்தப் பழைய பத்திகளில்தான் கண்டுபிடிக்க முடியும்.